ஃபிளமெங்கோ கிட்டார்: உங்கள் ஆசிரியர் கேட்பதும் நீங்கள் கேட்பதும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மூன்று வருடமாகக் கிட்டார் கற்கிறீர்கள். நவீன பாணிக் கிட்டாரிஸ்டுகளான பாக்கோ தெ லூசியாவையும் விசென்தே அமீகோவையும் கேட்டு மயங்கித்தான், தெற்கு ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் கிட்டாரும் சேர்ந்த ஃபிளமெங்கோ இசை பக்கம் வந்தீர்கள். இப்போது கிடைத்திருக்கும் ஆசிரியர், அதெல்லாம் ஜாஸ் கலந்த கச்சேரி இசை, அசல் வேண்டுமானால் பழைய பாணி வாசிப்பாளர் தியேகோ தெல் கஸ்தோரைக் கேள் என்கிறார். கேட்டீர்கள். கரடுமுரடாக, நாலு சுரத்தையே சுற்றிச் சுற்றி வாசிப்பதுபோல இருந்தது. யார் சொல்வது சரி, எதைக் கற்பது, எந்த மரத்தில் செய்த கிட்டார் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: பெரியவர்கள் கொண்டாடும் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லையே, என் காதில் ஏதாவது குறையா? குறை எதுவும் இல்லை. உங்கள் காதும் ஆசிரியரின் காதும் வேறு வேறு விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். அது என்ன என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. 16 வருடமாக ஃபிளமெங்கோ வாசிக்கிறேன். ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் ஊரில் இரண்டு தடவையாக ஏழு மாதம் தங்கிக் கற்றேன். நடன வகுப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த அனுபவம் நிறைய, பாட்டுக்கு வாசித்தது அதைவிடக் குறைவு. அந்தத் தெற்குப் பகுதியான அந்தலூசியாவின் பேச்சுமொழியில் பாடும்போது பாதி வரிதான் எனக்குப் பிடிபடும். தியேகோ 1973இலேயே இறந்துவிட்டார், ஒலிப்பதிவில்தான் அவரை எனக்குத் தெரியும். நான் சொல்வதை இந்த எல்லைகளோடு சேர்த்துப் படியுங்கள்.

இதைப் பழசுக்கும் புதுசுக்கும் சண்டை என்று பார்த்தால் கடைசிவரை பிடிபடாது. கிட்டார் எதற்காக இருக்கிறது என்பதில்தான் இரண்டு தரப்பும் பிரிகிறார்கள். ஃபிளமெங்கோவில் முதல் நாற்காலி பாட்டுக்கு, அதைக் காந்தே என்பார்கள். தோனா, மார்தினேத்தே போன்ற பழைய வகைகளை இன்றும் கிட்டாரே இல்லாமல் வெறும் குரலில்தான் பாடுவார்கள். கிட்டார் பிறகு வந்து பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. பழைய வாசிப்பாளரின் வேலை என்னவென்றால், பாடகரின் சுருதிக்குத் தக்க இடத்தில் கேப்போவை, அதாவது கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வியை, போடுவது, கம்பாஸ் எனப்படும் தாளச் சுற்றை ஆடாமல் அசையாமல் விரிப்பது, பாடகர் வரியை முடிக்கும் இடத்தில் சரியான கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, வைப்பது, ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு சின்ன ஃபால்செத்தா வாசிப்பது, அப்புறம் வழிவிட்டு ஒதுங்குவது. ஃபால்செத்தா என்றால் கிட்டார் தனியாகப் பேசும் துண்டு. பழைய ஃபால்செத்தாக்கள் ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்பதற்குக் காரணம் இதுதான். அவை இரண்டு பாட்டுக்கு நடுவே நின்று மூச்சு வாங்க வைத்த திண்ணை.

இதை மனதில் வைத்துக்கொண்டு தியேகோவின் ஒரு சோலெயாவை மறுபடி போட்டுக் கேளுங்கள். சோலெயா என்பது ஃபிளமெங்கோவின் ஒரு பாட்டு வகை, அதற்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழும். நம் ஊர்த் தாளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு 3+3+2+2+2 என்று சொன்னால் உடனே பிடிபடும், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: அழுத்தம் ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் விழுகிறது, தொடக்கத்தில் இல்லை. சாதாரண வாசிப்பில் 3இல் எஃப் கார்ட் வந்து ஒரு இழுவையை உண்டாக்கும், 10இல் இ கார்டில் வந்து இறங்கும். 11, 12 இரண்டும் மூச்சு. தியேகோ பெரும்பாலும் கட்டை விரலால் தடித்த கம்பிகளில்தான் பேசுகிறார். இடது கை அதிகம் நகர்வதில்லை. இரண்டு சுரம் வாசித்து நிறுத்துகிறார். மூன்றாவது எப்போது வரும் என்று நாம் காத்திருக்கிறோம், நாம் நினைத்ததைவிட ஒரு இழை தாமதமாக வருகிறது, ஆனாலும் 10க்குப் பிசகாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தத் தாமதத்தைத்தான் அவருடைய ரசிகர்கள் கேட்கிறார்கள். நீங்கள் சுரங்களை எண்ணினீர்கள், அவர்கள் சுரங்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தை எண்ணுகிறார்கள். அவர்கள் இதை ஐரே என்பார்கள், காற்று என்று அர்த்தம்.

இது எனக்குப் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஹெரெஸில் நான் கற்ற வீட்டுக்கு மாலை நேரங்களில் எழுபதைத் தாண்டிய பாடகர் ஒருவர் வருவார். ஒருநாள் ஆசிரியர் என்னை அவருக்கு வாசிக்கச் சொன்னார். அப்போது நான் புதிய ஆல்பங்களிலிருந்து எடுத்துப் பழகிய கார்டுகளால் நிரம்பியிருந்தேன். சோலெயாவில் எஃப் வர வேண்டிய இடத்தில் அதற்குப் பதிலாக நாலைந்து சுரம் ஒட்டிய ஒரு கார்டை, அடி சுரத்தையும் மாற்றி வைத்தேன். கேட்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் வாயைத் திறந்தார், மூடினார். இன்னொரு சுற்று காத்திருந்தார், மறுபடி திறக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. நான் காலை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். ஆசிரியர் கிட்டாரை வாங்கிக் கட்டை விரலால் எஃப், இ என்று இரண்டே கார்ட் வாசித்தார். 11, 12 வந்தபோது கம்பியைத் தொடவே இல்லை, நகத்தால் பலகையில் ஒரு தட்டு. அந்தத் தட்டில் பெரியவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அடுத்த எண்ணிக்கையில் குரல் வந்தது. அன்றுவரை அந்த 11, 12ஐ நான் அலங்காரம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே பாட்டுக்கு நடுவே வளர்ந்த காதுக்குப் புதிய வாசிப்பு கூட்டமாகத் தெரிவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ‘அது ஃபிளமெங்கோவே இல்லை’ என்று உங்கள் ஆசிரியர் தாண்டும்போது அவரோடு என்னால் போக முடியவில்லை. அவர் அசல் என்று சொல்கிற வாசிப்பும் ஒரு காலத்தில் புதுசாக வந்ததுதான். ரமோன் மொந்தோயா 1879இல் பிறந்தவர். அவருக்கு முன்பு ஃபிளமெங்கோ கிட்டார் பெரும்பாலும் கட்டை விரலும் ரஸ்கெயாதோவும்தான், அதாவது விரல்களை விசிறிபோல விரித்துக் கம்பிகளைச் சாத்துவது. கிளாசிக்கல் கிட்டாரிலிருந்து அர்பெஜ்ஜியோவையும் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) ட்ரெமொலோவையும் (ஒரே சுரத்தை விரல்களால் வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டுவது) எடுத்து வந்து ஃபிளமெங்கோவுக்கு ஆக்கியதில் பெரிய பங்கு மொந்தோயாவுக்கு. கிளாசிக்கல் ட்ரெமொலோவில் கட்டை விரலுக்குப் பிறகு மூன்று தட்டு, ஃபிளமெங்கோவில் நான்கு. ஆறாவது கம்பியை டி-க்கும் மூன்றாவது கம்பியை எஃப் ஷார்ப்புக்கும் இறக்கி ரொந்தேன்யா என்ற வகையை வாசிக்கும் முறையும் அவரோடுதான் வருகிறது. 1936இல் பாரிஸில் அவர் பதிவு செய்த தனி வாசிப்புகளைக் கேட்டால், இதில் பாட்டு எங்கே என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருக்கலாம் என்றே தோன்றும்.

கெட்டுப்போகிறது என்ற புலம்பலும் பழசு. 1881இல் நாட்டார் பாடல்களைத் தொகுத்த அன்தோனியோ மச்சாதோ இ ஆல்வரெஸ், பாட்டு காபிக் கடை மேடைக்குப் போய்விட்டதால் ஜிப்சிகளின் பாட்டு அழிந்துவிடும் என்று அப்போதே கவலைப்பட்டார். 1922 ஜூனில் கிரனாடாவின் அல்ஹம்ப்ராவில் இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் கவிஞர் கார்சியா லோர்காவும் சேர்ந்து ஒரு பாட்டுப் போட்டியே நடத்தினார்கள். ஆழமான பழைய பாட்டு மறைகிறது என்ற அச்சம்தான் காரணம். தொழில்முறைப் பாடகர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. பாக்கோ பிறந்தது 1947இல். அவர் கிட்டாரைத் தொடும் முன்பே ஃபிளமெங்கோ பலமுறை செத்துப்போனதாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

சபீக்காஸை உங்கள் ஆசிரியர் பழைய அணியில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இது சுவாரசியமான இடம். சபீக்காஸ் உள்நாட்டுப் போரின்போது ஸ்பெயினை விட்டு வெளியேறி மெக்சிகோவிலும் பிறகு நியூயார்க்கிலும் வாழ்ந்தவர், தனிக் கச்சேரி வாசிப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் முதல் வரிசை. அவருடைய பிக்காதோ, அதாவது இரண்டு விரலால் ஒற்றைக் கம்பியில் ஓடும் ஓட்டம், கண்ணாடிபோலச் சுத்தம். மொரோன் ஊரின் தியேகோவுக்கு எதிர் முனை என்றே சொல்லலாம். 1960களில் பதின்வயதில் நடனக் குழுவோடு அமெரிக்கா வந்த பாக்கோ, அவர் முன்னால் மூத்த கிட்டாரிஸ்ட் நின்யோ ரிகார்தோவின் பாணியில் வாசித்தபோது, கிட்டாரிஸ்ட் என்றால் சொந்த இசையை வாசிக்க வேண்டும் என்று சபீக்காஸ் சொன்னதாக பாக்கோவே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். நவீன வாசிப்பின் கதவைத் தட்டித் திறந்துவிட்டவர் உங்கள் ஆசிரியரின் பட்டியலிலேயே இருக்கிறார்.

சரி, பாக்கோவுக்குப் பிறகு உண்மையில் என்ன மாறியது? கார்டுகள்தான் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. உராயும் சுரங்கள் ஃபிளமெங்கோவுக்கு ஒன்றும் புதிதல்ல. தரந்தா என்ற வகையின் அடிப்படைக் கார்டைப் பிடித்துப் பாருங்கள்: ஆறாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப், மேலே முதல் இரண்டு கம்பிகளைத் திறந்தே விட்டுவிடுங்கள். மேஜர் கார்டுக்கு மேல் அந்தத் திறந்த பி-யும் இ-யும் வந்து உரசுகின்றன. சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டுக்கு ஏற்ற அந்த உரசல் மொந்தோயா காலத்திலேயே இருக்கிறது. புதிது என்னவென்றால், கார்டுகள் நகரும் பாதை. பழைய வாசிப்பில் ஏ மைனர், ஜி, எஃப், இ என்ற இறக்கம் வீட்டுக்குப் போகும் வழி, எங்கே சுற்றினாலும் அதற்கு வந்துவிடுவார்கள். இ-யை சட்ஜமாக வைத்துக்கொண்டால் அது ம, க, ரி, ச. சாதாரண காந்தாரத்தோடு பார்த்தால் தோடியின் சுரங்கள், கடைசி கார்டில் காந்தாரம் அந்தரமாக மாறுவதைச் சேர்த்தால் வகுளாபரணத்தின் சுரங்கள். நம் காதுக்கு ஃபிளமெங்கோ முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புதியவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் வேறு மூன்று தெருவுக்குள் புகுந்து வருகிறார்கள். வழி தெரிந்தவனுக்கு அது சுகம். தெரியாதவனுக்கு எல்லாத் தெருவும் ஒன்றுதான்.

கார்டைவிடப் பெரிய மாற்றம் தாளத்தில். பழைய ஃபால்செத்தா ஒன்று அல்லது இரண்டு சுற்றுக்குள் பாத்திரத்தில் தண்ணீர்போல அடங்கிவிடும். புதிய வாக்கியம் எதிர்பாராத இடத்தில் தொடங்கி, 12ஐத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் நீண்டு, அழுத்தம் விழ வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்துவிட்டு, இரண்டு எண்ணுக்கு நடுவில் அடிக்கும். பன்னிரண்டை உள்ளுக்குள் ஓட விட்டிருப்பவருக்கு அங்கே வயிற்றில் ஒரு பதைப்பு வரும், எப்போது திரும்பி வந்து 10இல் இறங்குவார் என்று. எண்ணிக்கை இல்லாமல் கேட்பவருக்கு அது அழகாக ஓடும் ஒரு நீரோட்டம். உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நீங்கள் பாக்கோவை ரசிக்கிறீர்கள், சந்தேகமில்லை, ஆனால் பழைய சோலெயா உங்களுக்கு வெறுமையாகக் கேட்கிறது என்றால் எண்ணிக்கை இன்னும் உங்களுக்குள் உட்காரவில்லை என்று சந்தேகிக்கிறேன். அப்படியானால் பாக்கோவிலும் பாதியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டேன்.

இந்தச் சுதந்திரம் கிட்டாருக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. தனியாகப் பாடகரோடு உட்காரும் கிட்டார் தாளத்தையும் தானே சுமக்க வேண்டும். 1970களின் கடைசியில் பாக்கோ பெரு நாட்டில் கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியத்தைப் பார்த்து எடுத்து வந்தார். 1981 வாக்கில் உருவான அவருடைய ஆறு பேர் குழுவான செக்ஸ்டெட்டில் அதை ரூபெம் தந்தாஸ் வாசித்தார், கார்லெஸ் பெனவென்ட் பேஸ் கிட்டார், ஹோர்ஹே பார்தோ புல்லாங்குழல். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பது அபூர்வம், அது பெருவிலிருந்து வந்தது என்பதே பலருக்குத் தெரியாது. பெட்டியும் கைத்தட்டும் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் கிட்டார் அடியை விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம்.

மைக் கொண்டுவந்த மாற்றத்தையும் விடக்கூடாது. பழைய கிட்டார் சைப்ரஸ் மரத்தில் செய்தது, எடை குறைவு, சத்தம் காய்ந்து, சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். ஆட்டக்காரியின் கால் சத்தத்தையும் கைத்தட்டலையும் கிழித்துக்கொண்டு மைக் இல்லாமல் கேட்க வேண்டுமே. கச்சேரி அரங்கும் ஸ்டூடியோவும் வந்தபோது சத்தம் நீண்டு நிற்க வேண்டிய தேவை வந்தது, ரோஸ்வுட் கிட்டார்கள் பெருகின. சத்தம் நீண்டு நின்றால்தான் ஆறு சுரக் கார்ட் ஒன்றை வைத்துவிட்டு அது கரைவதைக் கேட்க முடியும். சைப்ரஸில் அதே கார்டை வைத்தால் பாதிக்கு முன்பே செத்துவிடும். ரசனை மாறியதில் மரத்துக்கும் கம்பிக்கும் இருந்த பங்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ‘என்த்ரே தோஸ் அகுவாஸ்’ முதலிலும், 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பாக்கோ, ஜான் மெக்லாஃப்லின், அல் டி மியோலா மூவரும் வாசித்த கச்சேரி இரண்டாவதாகவும் இருக்கிறது. இவற்றை வைத்து நவீன ஃபிளமெங்கோவை எடைபோட வேண்டாம். முதலாவது ஒரு ரும்பா, நாலடித் தாளம், 1973இல் வந்த ஆல்பத்தில் இருந்து பிறகு பெரிய வெற்றி பெற்றது. கேட்க இனிமை, ஆனால் விவாதம் நடக்கும் களம் அது இல்லை. இரண்டாவது மூன்று வேறு வேறு உலகத்துக் கிட்டாரிஸ்டுகள் சந்தித்த இரவு. நம் ஊர்க் கலைஞர்களோடு சக்தி குழுவில் வாசித்த அதே மெக்லாஃப்லின்தான் அவர். பாக்கோவை ஃபிளமெங்கோ ஆளாகக் கேட்க வேண்டுமானால் 1987இல் வந்த ‘சிரோக்கோ’வைக் கேளுங்கள். அதில் ‘மி நின்யோ குர்ரோ’ ஒரு ரொந்தேன்யா, மொந்தோயா விட்டுச்சென்ற அதே இறக்கிய சுருதியில். கடைசியில் ஒரு சோலெயா, பெயரே நின்யோ ரிகார்தோவுக்குப் புகழ் என்பது. நவீனத்தின் உச்சம் என்று எல்லோரும் சொல்லும் ஒரு ஆல்பம், இரண்டு பழைய ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போகிறது. உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து உட்கார்ந்து இந்த இரண்டையும் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இதற்காகப் புதியவர்கள் மேல் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இன்றைய இளம் வாசிப்பாளர்கள் பலரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. எல்லோரும் ஒரே வேகம், ஒரே கார்டுகள், ஒரே விதமான முடிப்பு. தியேகோவையோ, இன்னொரு பழைய வாசிப்பாளரான மெல்சோர் தெ மர்சேனாவையோ மூன்று நொடியில் கண்டுபிடித்துவிடலாம். பாட்டுக்கு வாசிக்கும்போதும் ஃபால்செத்தா நீண்டு நீண்டு பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். மறுபக்கமும் இருக்கிறது. பழசை விரும்புகிறேன் என்ற பெயரில் பிசகிய தாளத்தையும் தேய்ந்த விரலையும் அசல் என்று கொண்டாடுகிற வெளிநாட்டு ரசிகர்கள் உண்டு. 1960களில் அமெரிக்க இளைஞர்கள் பலர் மொரோனுக்குப் போய் தியேகோவைச் சுற்றி உட்கார்ந்து கற்றார்கள். அவருடைய வணிகப் பதிவுகள் மிகக் குறைவு, நாம் இன்று கேட்பதில் பெரும்பகுதி அவர்களைப் போன்றவர்கள் எடுத்த டேப்புகளும் ஸ்பானியத் தொலைக்காட்சிப் பதிவுகளும்தான். அந்த அன்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் விருந்து நடுவே, நள்ளிரவு தாண்டி எடுத்த டேப்பை, ஸ்டூடியோவில் பத்து தடவை திருத்தி எடுத்த ஆல்பத்தோடு பக்கத்தில் வைத்துச் சுத்தம் எது என்று கேட்பது இருவருக்குமே நியாயமில்லை.

இதுவரை சொன்னதில் எண்ணிக்கை, கார்ட், வருடங்கள், மரம் இவை உறுதியானவை, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ‘தூய்மை’ என்ற சொல்லைப் பற்றி அந்த உறுதி எனக்கு இல்லை. யார் சொன்னாலும், அவரவர் இருபது வயதில் கேட்டதுதான் தூய்மையாக இருக்கிறது என்பது என் அனுபவம். துவேந்தே, ஆவேசம் என்றெல்லாம் சொல்வதும் உண்மையான அனுபவம்தான், எனக்கே நேர்ந்திருக்கிறது, ஆனால் ஒரு வாசிப்பை இன்னொன்றைவிட மேல் என்று நிரூபிக்க அதைப் பயன்படுத்த முடியாது. ஜிப்சி ரத்தம் இருந்தால்தான் வரும் என்பதையும் நான் ஏற்பதில்லை. பாக்கோவும் இன்னொரு பெரிய கிட்டாரிஸ்டான மனோலோ சன்லூக்கரும் ஜிப்சிகள் அல்லர். ஜிப்சிகளின் மொழிக்கு வேர் வட இந்தியாவில் என்பது மொழியியலில் நிலைநாட்டப்பட்டது. அதை வைத்து ஃபிளமெங்கோவே நம் ராகத்திலிருந்து போனது என்று நம்மவர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் மேலே சொன்ன தோடி ஒற்றுமை சுர வரிசையின் ஒற்றுமை மட்டுமே, வரலாற்றுச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரசனை காலத்தோடு எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். பாடகர் கமரோன் தெ லா இஸ்லா 1979இல் ‘லா லெயெந்தா தெல் தியெம்போ’ என்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். மின்சார கிட்டார், டிரம்ஸ், லோர்காவின் கவிதை வரிகள். அப்போது விற்கவே இல்லை, அவருடைய சொந்த ரசிகர்களே கைவிட்டார்கள். இன்று அதே ஆல்பத்தை ஃபிளமெங்கோவின் மைல்கல் என்று பழமைவாதிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாப் புதுமைக்கும் இப்படி மன்னிப்புக் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, மறந்துபோன ஆல்பங்கள் ஏராளம். கமரோனின் குரல் பழைய பாட்டில் ஊறிய குரல் என்பதால்தான் அது நின்றது என்பது என் கருத்து.

இரண்டு தரப்பும் சண்டை போடாமல் தலையாட்டும் ஒருவரைச் சொல்லவா? ஹெரெஸின் மொராஈத்தோ சிக்கோ, 2011இல் மறைந்தார். அவருடைய பெரியப்பா மனுவேல் மொராவோ, அப்பா ஹுவான் மொராவோ இருவரும் வாசிப்பாளர்கள், மகன் தியேகோ தெல் மொராவோ இன்று முன்னணியில் இருப்பவர். புலேரியாஸ் என்ற வேகமான வகையை மொராஈத்தோ வாசிக்கும்போது சுரங்கள் அதிகமில்லை. நவீனமான கார்ட் வந்துபோகும், ஆனால் பாடகர் காலை வைக்கும் இடத்தில் ஒருபோதும் வராது. பாடகர் ஹோசே மெர்சேயோடு அவர் வாசித்தவற்றைத் தேடிக் கேளுங்கள். நீங்கள் விரும்பும் துடிப்பும் உங்கள் ஆசிரியர் விரும்பும் வெற்றிடமும் ஒரே கையில் இருப்பதைக் கேட்பீர்கள்.

எதைக் கற்பது என்பதற்கு என் பதில்: இரண்டு மாதம் கிட்டாரை ஓரமாக வைத்துவிட வேண்டாம், ஆனால் தினமும் பதினைந்து நிமிடம் கிட்டார் இல்லாமல் கையைத் தட்டுங்கள். பழைய சோலெயா ஒன்றைப் போட்டுக்கொண்டு 3, 6, 8, 10, 12. முதல் வாரம் தொலைந்து தொலைந்து போவீர்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பாடகர் பாடும் பதிவாக இருக்கட்டும், தனிக் கிட்டார் வேண்டாம். பாட்டு வரி எந்த எண்ணில் முடிகிறது, கிட்டார் எங்கே வாயை மூடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு ஆசிரியரிடம் கட்டை விரல் ஃபால்செத்தா நாலு கேட்டு வாங்குங்கள், அவரிடம் நிச்சயம் நல்லவை இருக்கும். அந்த நாலும் கைக்கு வந்தபின் விசென்தேயின் ஒரு சோலெயாவை எடுத்துக் கையைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். அவர் எங்கெல்லாம் கணக்கோடு விளையாடுகிறார் என்று அப்போது உங்கள் கையே சொல்லிவிடும். பாக்கோவைக் கேட்பதை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். என்னை இதற்குள் இழுத்தது ‘சிரோக்கோ’தான். இன்று இரவில் தனியாக இருக்கும்போது நான் போட்டுக் கேட்பது பெரும்பாலும் மெல்சோர் தெ மர்சேனா. ஒன்றிலிருந்து மற்றதற்கு வந்து சேர எனக்குப் பத்து வருடம் ஆனது, உங்களுக்கு அந்தத் திசையில்தான் போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கடைசியாகக் கிட்டார். ஆசிரியரோடு பாட்டு, நடனம் என்று போகப்போகிறீர்கள் என்றால் சைப்ரஸ். வீட்டில் தனியாக வாசிப்பது, கிளாசிக்கலும் கொஞ்சம் வாசிப்பது என்றால் ரோஸ்வுட். எதுவானாலும் கம்பி தாழ்வாக இருக்க வேண்டும், 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். தட்டு விழும் இடத்தில் பாதுகாப்புத் தகடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நகம் ஆறே மாதத்தில் பலகையைச் சுரண்டிவிடும். கடைக்கு ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் போட்டு அவர் கட்டை விரலால் தடித்த கம்பியை அடிக்கட்டும், நீங்கள் எதிரில் நாலு அடி தள்ளி நின்று கேளுங்கள். பிறகு நீங்கள் பிக்காதோ வாசியுங்கள், அவர் அதே இடத்தில் நின்று கேட்கட்டும்.